இலத்திரனியலில் பட்டம் படிக்க நினைக்கிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் என் போனுக்கு ஓய்வு கிடையாது. செங்கலடி, ஆரையம்பதி, மருதமுனை, அக்கரைப்பற்று என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்பார்கள். பிள்ளைகளைவிட அம்மாமாரும் வாப்பாமாரும்தான் அதிகம். நான் இலத்திரனியல் படித்தவன். இப்போது ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவது என் வேலை. கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய அதேதான். அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

இலத்திரனியல் படித்தால் டிவி, போன் எல்லாம் திருத்தலாம்தானே?

திருத்தலாம். ஆனால் அதற்கு நாலு வருடம் தேவையில்லை. கல்முனை பஸாரில் போன் திருத்தும் தம்பி, பட்டம் முடித்து வரும் உங்களைவிட வேகமாகத் திருத்துவான். அவனிடம் போட்டிக்குப் போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள்.

பட்டப்படிப்பில் வேறொன்று நடக்கிறது. ஐந்து வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி பல்பை எரிக்க வேண்டும் என்று வையுங்கள். கடைத் தம்பி 330 ஓம் தடையி ஒன்றைப் போடுவான், பல்பு எரியும். ஏன் 330 என்று கேட்டால் "எப்பவும் அதுதான் போடுறது" என்பான். நீங்கள் சொல்லவேண்டிய பதில் இது: சிவப்பு எல்.இ.டி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3 வோல்ட், அதை 330ஆல் வகுத்தால் 9 மில்லி அம்பியர், அந்தப் பல்புக்கு அது பாதுகாப்பான அளவு. இது முதல் கிழமைப் பாடம். மூன்றாம் வருடத்தில் அதே மாதிரி ஒரு ஒளிமுதல் செக்கனுக்குக் கோடிக்கணக்கான தடவை அணைந்து எரிந்து கண்ணாடி நாரினூடாகத் தகவல் அனுப்பும். வழியில் அலை எப்படிச் சிதைகிறது, இரைச்சல் எவ்வளவு சேர்கிறது, மறுமுனையில் 1 எது 0 எது என்று எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போடுவீர்கள். இந்தப் படிப்பில் முக்காற்பங்கு கணிதம். இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் கோபிக்கக்கூடாது.

உயர்தரத்தில் என்ன பாடங்கள் எடுக்க வேண்டும்?

பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். தொழினுட்பப் பிரிவில் பொறியியல் தொழினுட்பம் எடுத்தவர்களுக்கு தொழினுட்பப் பீடங்களின் பட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பிரிவு 2013இல் பாடசாலைகளுக்கு வந்தது, 2015இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. இரண்டும் ஒன்றல்ல. பொறியியல் பட்டத்தில் கோட்பாடும் வடிவமைப்பும் கூட. தொழினுட்பப் பட்டத்தில் பொருத்துதல், இயக்குதல், பராமரித்தல் கூட. ஒன்று உசத்தி மற்றது தாழ்வு என்று பேசுவோரின் கதையைக் கேட்காதீர்கள். ஆனால் "பொறியியலாளர்" என்று பதிவுசெய்ய நினைப்பவர் எந்தப் பட்டம் அதற்குச் செல்லும் என்பதை சேருமுன் பார்க்க வேண்டும், சேர்ந்த பிறகல்ல.

பொறியியல் கிடைத்துவிட்டது. அப்படியென்றால் இலத்திரனியல் நிச்சயம்தானே?

இல்லை! இதைத் தெரியாமல் போய் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொறியியல் பீடத்துக்குத்தான் அனுமதி கிடைக்கிறது. முதலில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள்: கணிதம், பொறிமுறை, வரைதல், கணினி நிரலாக்கம், கொஞ்சம் மின்னியல். அந்தப் பொதுப் பகுதியில் நீங்கள் எடுக்கும் புள்ளிகளையும் உங்கள் விருப்பத்தையும் வைத்துத்தான் சிவில், மெக்கானிக்கல், இலத்திரனியல் என்று பிரிப்பார்கள். இலத்திரனியலுக்கும் கணினிக்கும் எப்போதும் அடிபிடி.

"கம்பஸ் கிடைத்துவிட்டது, முதல் வருடம் கொஞ்சம் ஆறுதலாக இருப்போம்" என்று நினைக்கிற வருடம்தான் உங்கள் துறையைத் தீர்மானிக்கிற வருடம். ஊருக்கு வந்து திருவிழாவும் கந்தூரியும் பார்க்கலாம், ஆனால் கணிதக் கொப்பியையும் பையில் வையுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

முதலில் வீட்டுக்குக் கிட்ட இருப்பதைச் சொல்கிறேன். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே பொறியியல் பீடத்தில் மின் பொறியியல் சார்ந்த துறை இருக்கிறது. தொழினுட்பப் பீடமும் உண்டு. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில். நிந்தவூரிலிருந்தோ அட்டாளைச்சேனையிலிருந்தோ போகிற பிள்ளைக்கு இது பஸ்ஸில் போய்வரும் தூரம். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1986இல் பல்கலைக்கழகமானது. அங்கே பொறியியல் பீடம் கிடையாது. விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் படிக்கலாம். பௌதிகவியல் வழியாக இலத்திரனியலுக்கு வந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அதைக் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

மொறட்டுவை, கட்டுபெத்தையில், இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் என்றே தனித் துறை உண்டு. நாட்டில் அதிகம் போட்டி உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. பேராதனையில் மின், இலத்திரனியல் பொறியியல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் யாழ்ப்பாணத்தில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில். பெயரைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் அறை தேடியவர்களும் உண்டு. ருகுணுவின் பொறியியல் பீடம் காலிக்குப் பக்கத்தில் ஹப்புகல. களனியில் இலத்திரனியலும் கணினி விஞ்ஞானமும் சேர்ந்த பட்டம், வயம்பவின் குளியாப்பிட்டி வளாகத்தில் இலத்திரனியல் துறை. இந்த இரண்டும் பொறியியல் அல்ல, விஞ்ஞானப் பட்டம். பலருடைய கண்ணுக்கு இவை தப்பிவிடுகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு மூடுவதுதான் காரணம். தேவையான பாடங்கள், நிபந்தனைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ரியூஷன் மாஸ்டர் சொன்னது, மாமா சொன்னது இரண்டையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: தூரம் போக வசதியும் மனமும் இருந்தால் போங்கள். புது மொழி, புது ஆட்கள், அதுவும் ஒரு படிப்பு. இல்லையென்றால் ஒலுவில் போதாது என்று நினைத்து மனம் உடைய வேண்டாம். மின்சுற்றுக் கணக்கின் அடிப்படையான கேர்ச்சாப்பின் விதி கட்டுபெத்தையிலும் ஒலுவிலிலும் ஒன்றுதான்.

இசட் புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு பற்றிச் சுருக்கமாக?

ஒரு பாடத்தில் உங்கள் புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறதோ அதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுப்பது இசட் புள்ளி. மூன்று பாடங்களுக்கும் சேர்த்துச் சராசரி. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே போன வருடத்ததைப் பார்த்து விண்ணப்பத்தில் விருப்பத்தெரிவைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிப்பது?

பொறியியல் முழுக்க ஆங்கிலம்தான். முதல் மாதம் தலை சுற்றும், ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் பயப்படுகிற இடம் தவறு. பலர் பொது ஆங்கிலத்துக்குப் பயந்து பேச்சு வகுப்புகளுக்குக் காசு கட்டுகிறார்கள். விரிவுரை மண்டபத்தில் தடுக்குவது கலைச்சொல்தான். நமக்குத் தடையி, கொள்ளளவி, இருவாயி, திரான்சிற்றர் என்று நன்றாகத் தெரியும். விரிவுரையாளர் ரெசிஸ்டர், கபாசிட்டர், டயோட் என்கிறார். ஒரு பொருளைத்தான் இரண்டு பேரும் சொல்கிறோம் என்று மூளை கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். நான் செய்தது இது: உயர்தரப் பௌதிகவியலின் இலத்திரனியல் அலகை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதினேன். ஒரு சிறிய கொப்பியில் நாற்பது பக்கம் வந்தது. அந்த அலகில் இருவாயி, திரான்சிற்றர், செயற்பாட்டு விரியலாக்கி, தர்க்கப் படலைகள் எல்லாம் இருக்கின்றன. முதல் வருட இலத்திரனியலில் பாதியை நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்துவிட்டீர்கள், அதுதான் உண்மை.

தமிழில் படித்தது வீணாகிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானம் படிப்பித்தவர், தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சியில் சென்னையில் முன்னின்றவர். நம் ஊர்ப் பக்கத்து மனிதர். தடையி என்று சொல்லும்போது கரண்டைத் தடுக்கிற ஒன்று என்பது சொல்லிலேயே தெரிகிறது. விளங்குவது தமிழில் விளங்கட்டும், எழுதுவது ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

முதல் வருடத்தில் எதில் விழுகிறார்கள்?

கணிதத்தில். இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவர்களும் விழுகிறார்கள். உயர்தரத்தில் கடந்தகால வினாத்தாள் செய்து செய்து கை பழகியிருக்கும்; ஒரு வினாவைக் கண்டால் கை தானாக ஓடும். கம்பஸில் அந்த மாதிரி வினா வராது. சிக்கலெண்கள், வகையீட்டுச் சமன்பாடுகள், தாயங்கள், லப்லாஸ் மாற்றம், ஃபூரியே மாற்றம். இவை ஏன் என்று விளங்காமல் மனப்பாடம் செய்தால், இரண்டாம் வருடத்தில் சமிக்ஞைகள் என்ற பாடத்தில் மாட்டுவீர்கள்.

சிக்கலெண்ணை எடுங்கள். உயர்தரத்தில் அது ஆர்கண்ட் வரிப்படத்தில் ஒரு புள்ளி. இங்கே அது ஒரு ஆடலோட்டத்தின் (ஏ.சி) அளவும் கட்டமும் (ஃபேஸ்) சேர்ந்த ஒன்று. இந்த ஒரு தொடர்பு பிடிபட்டால் கொள்ளளவியும் தூண்டியும் (இன்டக்டர்) உள்ள சுற்றை ஓமின் விதிபோலவே செய்துவிடலாம். எனக்கு அது பிடிபட மூன்று மாதம் ஆனது. ஹொஸ்டலில் ஒரு அண்ணன் பழைய பத்திரிகையின் ஓரத்தில் வரைந்து காட்டித்தான் விளங்கியது.

வீட்டில் பழக என்ன சாமான் வாங்க வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு பிரெட்போட் (ஈயம் வைக்காமல் சுற்றைப் பொருத்திப் பார்க்கும் பலகை), தடையிகள் ஒரு பொதி, சில எல்.இ.டி, நேரக்கணிப்புக்கு 555 ஐ.சி இரண்டு, 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 இரண்டு, ஈயக்கோல் ஒன்று. பிறகு கை பழகியதும் ஆர்டுவினோ அல்லது ஈ.எஸ்.பி 32, நிரல் ஏற்றி இயக்கும் சின்னப் பலகைகள். முதல் நாளே ஆர்டுவினோ வாங்கி, யாரோ எழுதிய நிரலை ஏற்றி பல்பு மினுக்கினால் இலத்திரனியல் பழகியது ஆகாது, ஏற்றப் பழகியது ஆகும்.

பாதுகாப்பு முக்கியம். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், ஆளைக் கொல்லும். தொடக்கத்தில் பட்டரியும் நல்ல அடப்டரும் மட்டும் போதும்.

இந்தப் புத்திமதியை நானே பின்பற்றவில்லை. உயர்தரம் முடித்த விடுமுறையில் கல்லடியில் வீட்டு முன்விறாந்தையில் இருந்துகொண்டு பவர் சப்ளை ஒன்று செய்தேன். 12 வோல்ட் என்று எழுதிய சின்ன டிரான்ஸ்ஃபோர்மர், நாலு டயோட், 1000 மைக்ரோ ஃபரட் கொள்ளளவி. கொள்ளளவியில் 16 வோல்ட் என்று இருந்தது. 12ஐவிட 16 பெரிது, சரிதானே? பிளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கொள்ளளவியின் தலை உப்பியது, பிறகு "டப்" என்று ஒரு சத்தம், வெள்ளைப் புகை, கருகிய மீன் மாதிரி ஒரு நாற்றம். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். அந்த 12 என்பது ஏறி இறங்கும் வோல்ட்டின் இடை வர்க்கமூலப் பெறுமானம் (ஆர்.எம்.எஸ்), உச்சம் 1.414 மடங்கு, ஏறக்குறைய 17. இரண்டு டயோட்டில் 1.4 போனால் 15.6. அதுவே விளிம்பு. சுமையில்லாதபோது சின்ன டிரான்ஸ்ஃபோர்மர் எழுதியதைவிடக் கூடவே தரும், ஆகவே 16ஐத் தாண்டிவிட்டது. 25 அல்லது 35 வோல்ட் கொள்ளளவி போட்டிருக்க வேண்டும். கணக்கில் √2 என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது விறாந்தையில் வெடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்று, கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு. உப்புக்காற்று செம்பைத் தின்னும். பிரெட்போட்டையும் இணைப்புக் கம்பிகளையும் திறந்து போட்டால் சில மாதத்தில் தொடுகை சரியில்லாமல் போய், சுற்றில் பிழை என்று நினைத்து இரவு முழுக்கத் தேடுவீர்கள். மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்னப் பொதிதான்.

நல்ல புரொஜெக்ட் ஒன்று சொல்லுங்கள்.

எல்லோரும் கண் தெரியாதவருக்குக் கைத்தடி, தானாக எரியும் வீதிவிளக்கு என்று செய்கிறார்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. உங்களைச் சுற்றிப் பாருங்கள்: இறால் பண்ணைத் தண்ணீரில் ஒட்சிசன், அரிசி ஆலை மோட்டரின் சூடு, வயல் வாய்க்காலின் நீர்மட்டம்.

எனக்குப் பிடித்தது மட்டக்களப்பு வாவியில் கேட்கும் பாடும் மீன்களின் ஓசை. பழைய காலத்தில் பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்களாம். அதை மின்னால் செய்யலாம். அதிர்வை மின்னாக மாற்றும் பீசோ வட்டு ஒன்றை நீர் புகாமல் எப்பொக்சியில் பதித்து தண்ணீரில் இறக்குங்கள். பீசோவின் மின்தடங்கல் (இம்பீடன்ஸ்) மிகக் கூட, நேரே விரியலாக்கியில் (அம்ப்ளிஃபயர்) கொடுத்தால் தாழ் அதிர்வெண்கள் காணாமல் போகும். முன்னால் ஒரு ஜே-ஃபெட் (ஒருவகைத் திரான்சிற்றர்) தாங்கி வேண்டும். பிறகு எல்.எம் 386 போல ஒரு சின்ன விரியலாக்கி ஐ.சி, காதில் ஹெட்போன். நானும் இரண்டு மாணவர்களும் முதல் முறை கல்லடிப் பாலத்தடியில் கேட்டது 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். கவசமுள்ள கம்பி போட்டதும் அது குறைந்தது; பிறகு தெளிவாகக் கேட்டது பாலத்தின்மேல் போன லொறிகள். மீன் பாடியதா என்று கேட்காதீர்கள். ஆனால் மின்தடங்கல் பொருத்தம், கவசம், வடிகட்டி மூன்றும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

மகளை இதற்கு அனுப்பலாமா? ஆம்பிளைப் பிள்ளைகளின் படிப்பு என்கிறார்களே?

உம்மாமார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஈயக்கோலுக்கு ஆண் பெண் தெரியாது. என் ஆய்வுகூடத்தில் மிகச் சுத்தமாக ஈயம் வைக்கிற கைகள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுடையவை. வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை எல்லாம் மேசை வேலை. உண்மையான கவலை தூரமும் தங்குமிடமும் என்றால் அதை நேரடியாகக் கேளுங்கள், ஹொஸ்டல் பற்றிப் பேசலாம். படிப்பின்மேல் பழியைப் போடாதீர்கள்.

இசட் புள்ளி போதவில்லை. கதவு அடைத்துவிட்டதா?

இல்லை. திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது, மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. பொறியியல் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டே படிக்கலாம், ஆனால் செய்முறைக்குக் கொழும்பு நாவலைக்குப் போய்வர வேண்டிவரும், அந்த இரவு ரயில் காசையும் கணக்கில் வையுங்கள். தொழிற்கல்வி வழியில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) 5ஆம் மட்டம் டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். படி படியாக ஏறலாம், நேரம் எடுக்கும். இந்த வழியால் வந்தவர்களின் கை வேகத்தைக் கண்டு நேரே வந்தவர்கள் வெட்கப்படுவார்கள்.

தனியார் நிறுவனம் என்றால் காணியை ஈடு வைப்பதற்கு முன் இரண்டு கேள்வி: பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தப் பட்டத்துக்குத் தராதரம் கொடுத்திருக்கிறதா? இரண்டாவது ஏன் என்றால், இந்தப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அது தராதரம் கொடுத்த பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக எடுத்துக்கொள்ளும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால் அது "இல்லை" என்று அர்த்தம்.

வேலை கிடைக்குமா?

தொலைத்தொடர்புக் கம்பனிகள், மின்சாரத்துறை, விமான நிலையங்கள், ஆஸ்பத்திரிகளில் உயிர்மருத்துவப் பொறியியல், தொழிற்சாலைகளில் பி.எல்.சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி), கூரைச் சூரியமின், சிப் வடிவமைப்பு. பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும். இங்கேயே வேலை வேண்டும் என்றால் தெரிவு குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்களும் நிறைய. நாட்டில் பொறியியலாளராக வேலை செய்ய 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிய வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

நேர்முகத்தில் கேட்பது பெரும்பாலும் "நீ என்ன செய்தாய்?" என்றுதான். வெடித்த கொள்ளளவிக் கதையை நான் ஒரு நேர்முகத்தில் சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டு, "இப்போது எத்தனை வோல்ட் போடுவாய்?" என்றார். 35 என்றேன். அடுத்த கேள்விக்குப் போனார்.

செலவு?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. சாப்பாடு, அறை, பஸ், சாமான் உங்கள் பொறுப்பு. மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழக உதவிப்பணத்துக்கும் விண்ணப்பத்தை நேரத்துக்குப் போடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு கிராம சேவகரிடம் கடைசி நாளில் போகாதீர்கள்.

எந்த லேப்டொப் வாங்க?

முதல் வருடத்துக்கு எதுவும் போதும். அண்ணனின் பழையது இருந்தால் அதையே கொண்டுபோங்கள். மிச்சக் காசுக்கு நல்ல மல்டிமீட்டர்.